தேதிக்கு ஒரே ஒரு கட்டம்

பல்கலைக்கழகப் பதிவாளர்களுக்கும், மாணவர் நலப் பொறுப்பாளர்களுக்கும், கலையரங்கின் சாவியை இடுப்பிலோ மேஜை இழுப்பறையிலோ வைத்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

கலையரங்கை முன்பதிவு செய்ய நீங்கள் கொடுக்கும் விண்ணப்பப் படிவம் என் முன்னால் கிடக்கிறது. கடந்த 22 வருடங்களில் ஏழெட்டு வளாகங்களின் படிவங்களை நிரப்பியிருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரிதான் இருக்கும். நிகழ்ச்சியின் பெயர், துறை, சிறப்பு விருந்தினர், மைக் எத்தனை, குத்துவிளக்கு வேண்டுமா, முன்வரிசைக்கு சோபா எத்தனை. அப்புறம் தேதி. தேதிக்கு ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல். நாடகத்துக்கு ஒரு தேதி போதாது, மூன்று நாள் வேண்டும்.

நான் மாணவர் நாடகங்களுக்குச் செட் போடுகிறவன். நடிக்கத்தான் வந்தேன். முதல் வருடம் அரண்மனைக் காவலாளி வேஷம், வசனம் ஒன்றரை வரி. ஒத்திகையில் சும்மா நின்ற நேரத்தில் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியிடம் சுத்தியலை வாங்கிப் பார்த்தேன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன், பெயர் வேண்டாம், ஒரு பல்கலைக்கழகத்தில் ஆண்டுவிழா நாடகம். ஒரு பழைய ஜமீன் வீடு, நடுக்கூடத்தில் மாடிப்படி. நாடகமே அந்தப் படியில்தான். யார் இறங்கி வரலாம், யார் ஏறக்கூடாது என்பதுதான் கதை. அதனால் படியை நன்றாகவே கட்டினோம். 8 படிகள். ஒவ்வொன்றும் 7 அங்குல உயரம், கால் வைக்கும் பலகை 11 அங்குலம், அகலம் 4 அடி. விடுதிக்குப் பின்னால் சைக்கிள் கொட்டகையில் பத்து நாள் வேலை. மூலைமட்டம் பிடிக்கவே தெரியாமல் வந்த பிள்ளைகள் கடைசியில் ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை விடமாட்டேன் என்று அடம்பிடித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து குதித்துப் பார்த்தோம். ஒரு கிறீச் சத்தம்கூட இல்லை.

நாடகம் மாலை 6.30-க்கு. அரங்கைத் தருவதாகச் சொன்ன நேரம் காலை 8. ஆனால் முந்தின நாள் இரவு திடீரென்று, மறுநாள் காலைக்கென்று ஒரு பாராட்டு விழா உள்ளே நுழைந்துவிட்டது. விழா முடிந்து, படம் எடுத்து, சால்வைகளை எண்ணி, சாவி எங்கள் கைக்கு வந்தபோது மதியம் மணி 2.10. பின்சுவர் முழுக்க பேனர், அதைச் சுற்றிச் சாமந்திச் சரம், மேடையெங்கும் மிதிபட்ட பூ. அதைக் கூட்டித் தள்ளவே அரைமணி போனது. பிறகு படியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். மேடையின் பக்கக் கதவு 3 அடி. நிமிர்த்திப் பார்த்தோம், படுக்கவைத்துப் பார்த்தோம், ஒருக்களித்துப் பார்த்தோம். நுழையவில்லை. முன்வாசல் வழியாகக் கொண்டுபோகலாமென்றால் இரட்டைக் கதவில் ஒன்றுக்குப் பூட்டு. அதன் சாவியை வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் எங்கே சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வராந்தாவிலேயே ரம்பத்தை எடுத்தேன். நாலாவது படிக்கும் ஐந்தாவது படிக்கும் நடுவில் குறுக்கே அறுத்து, இரண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய், இடையில் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் கொடுத்து முடுக்கினோம். ரீப்பரின் கனம் முக்கால் அங்குலம். ஆகவே ஐந்தாவது படி மட்டும் முக்கால் அங்குலம் உயர்ந்துபோயிற்று. பார்த்தால் தெரியாது. ஆனால் படியில் கால் வைக்கிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று படியிலேயே கால் ஓர் அளவைப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் அது கண்ணைக் கேட்பதில்லை. வீட்டுப் படியில் ஒன்று மட்டும் அளவு பிசகியிருந்தால் வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் அங்கேயே தடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாம் காட்சியில் மங்கிய வெளிச்சத்தில், கையில் விளக்கோடு இறங்கிவந்த பெண் அந்தப் படியில் தவறினாள். மிச்சப் படிகளை உருண்டே கடந்தாள். நல்லவேளை, கையிலிருந்தது பேட்டரி விளக்கு. சபை அதையும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. அவள் தரையில் உட்கார்ந்தபடியே மீதி வசனத்தைச் சொல்லி முடித்தாள். கணுக்காலில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. செமஸ்டர் தேர்வைக் காலை ஒரு ஸ்டூலில் நீட்டியபடி எழுதினாள்.

கதவை அளக்காமல் படியைக் கட்டியது என் தவறு. அதை யார் தலையிலும் கட்டவில்லை. இப்போதெல்லாம் புது வளாகத்துக்குப் போனால் யாருக்கும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் கதவைத்தான் அளக்கிறேன். ஆனால் அரங்கம் மூன்று நாள் முன்பே கைக்குக் கிடைத்திருந்தால் இந்தத் தவறு முதல் நாள் காலையிலேயே அகப்பட்டிருக்கும். பூட்டிய கதவைத் திறக்கச் சாவிக்காரரைத் தேடியிருப்போம். இல்லை, அறுத்தே ஆகவேண்டுமென்றால் எட்டுப் படியையும் அளவு சரிபார்த்து மறுபடி கட்டியிருப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெண் அந்தப் படியில் அந்தச் செருப்போடு இருபது தடவை ஏறி இறங்கியிருப்பாள். அவள் முதன்முதலாக அதில் ஏறியது சபைக்கு முன்னால்தான்.

மூன்று நாள் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்டிருக்கிறார்கள். “கல்யாண மண்டபத்தில் நாலு மணி நேரத்தில் மேடை அலங்காரம் முடிக்கிறானே” என்று ஒரு பேராசிரியர் சொன்னார். நியாயமான கேள்விதான். ஆனால் கல்யாண மேடையில் மாப்பிள்ளை அலங்காரத்தின் மேல் ஏறுவதில்லை, அதன் கதவைத் திறந்துகொண்டு கோபமாக வெளியே போவதில்லை, இருட்டில் அதைச் சுற்றி ஓடுவதில்லை. செட் என்பது நடிகர்கள் இரண்டு மணி நேரம் குடியிருக்கிற இடம்.

முதல் நாள் முழுக்க ஏற்றுவதும் நிறுத்துவதும்தான். கொட்டகையில் நேராக நின்ற சுவர் மேடைக்கு வந்ததும் கோணிக்கொள்ளும், ஏனென்றால் நிறைய மேடைகளின் தரை மட்டமாக இருப்பதில்லை. மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று மூன்று, நாலு, ஐந்து அடி அளந்து கயிறு பிடிக்கவேண்டும். ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும், அதாவது செட்டின் துணிச் சுவருக்கும், பின்னால் முட்டுக் கொடுத்து மணல் மூட்டை வைக்கவேண்டும். அதற்கப்புறம் ஒருவர் முன்வரிசையின் இரண்டு ஓர நாற்காலிகளிலும் மாறி மாறி உட்கார்ந்து, உள்ளே என்னென்ன தெரியக்கூடாதோ அதெல்லாம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். தெரியும். எப்போதும் தெரியும். பக்கத்திரைக்குப் பின்னால் ராஜா பிஸ்கட் சாப்பிடுவது ஓர நாற்காலிக்குத் தெரியாத நாடகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்திரையை நகர்த்த வேண்டும், அது நகர்ந்தால் சுவர் நகரும், சுவர் நகர்ந்தால் கதவு. சாயங்காலம் ஆகிவிடும்.

இரண்டாம் நாள் விளக்குக்கு. இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது.

கலையரங்கத் திறப்புவிழாக்களில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், வாயில் இரண்டு, எழினி என்கிற திரை மூன்று என்று அளவுகளை அடுக்கிவிட்டு, பார்த்தீர்களா நம் முன்னோர் என்று முடிப்பார்கள். எனக்கு அந்தப் பகுதியில் பிடித்தது வாயிலுக்கும் எழினிக்கும் நடுவே வரும் ஒரு சின்ன விஷயம். தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கை வைத்தார்கள் என்கிறார் இளங்கோ. அதை எழுதியவர் ஒரு மேடையில் விளக்கு வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கவேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். தூண் நின்ற பிறகுதான் அதன் நிழல் எங்கே விழுகிறது என்று தெரியும். விளக்கைத் திருப்பு, தூணை ஒரு சாண் தள்ளு, மறுபடி ஏற்று, மறுபடி பார். இதற்குக் குறுக்குவழி அன்றும் இல்லை, எல்இடி விளக்கு வந்துவிட்ட இன்றும் இல்லை.

உங்கள் அரங்குகளில் நடப்பது என்ன? ஒலி ஒளிக் குத்தகைக்காரர் மாலை 4 மணிக்கு வருகிறார். நாங்கள் அப்போதுதான் ஜன்னலை நிறுத்திக்கொண்டிருக்கிறோம். அவர் நேரே இரண்டு ஸ்டாண்டைப் போட்டு, எட்டு விளக்கையும் மேடையின் நடுவே திருப்பிவிட்டு டீ குடிக்கப் போகிறார். ஜன்னல் வழியாக நிலவொளி வரவேண்டும் என்று இரண்டு மாதம் பேசி, அதற்காகவே ஜன்னலில் கம்பிக்குக் கம்பி இடைவெளி அளந்து, கம்பி நிழல் நாயகியின் முகத்தில் விழவேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பான் ஒரு பையன். கடைசியில் ஜன்னல் ஒரு படம் மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவன் அடுத்த நாடகத்துக்கு வரமாட்டான்.

மூன்றாம் நாள் முழு உடையோடு ஒத்திகை. இதற்கு விளக்கம் தேவையில்லை. அந்தப் பெண்ணின் கணுக்காலே போதும்.

இனி உங்கள் கட்டடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கலையரங்கம் என்று பெயர்ப்பலகை இருந்தாலும் நான் வேலை செய்தவற்றில் பாதிக்கு மேல் பட்டமளிப்பு விழாவை மனத்தில் வைத்துக் கட்டியவை. மேடையில் பளபளவென்று கிரானைட். திருகு இறக்க முடியாது. காலணி வழுக்கும், நடந்தால் ‘டக் டக்’ என்று எதிரொலிக்கும். மேலே பொய்க்கூரை, அதனால் ஒரு குழாயோ கயிறோ தொங்கவிட வழியில்லை. பின்சுவருக்கும் பின்திரைக்கும் நடுவே ஒரு ஆள் நடக்க இடமில்லை, அதனால் வலது பக்கம் வெளியேறிய நடிகர் இடது பக்கம் நுழையவேண்டுமென்றால் கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்றி ஓடிவரவேண்டும். மழை நாளில் ஒரு தளபதி முழுக்க நனைந்து மேடைக்கு வந்தான். போர்க்களத்திலிருந்து வருகிறவன் என்பதால் தப்பித்தோம்.

இருக்கிற கட்டடத்தை இடியுங்கள் என்று சொல்லவில்லை. புதிதாகக் கட்டும்போது வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், மேடைக்குப் பின்புறம் 8 அடி அகலத்தில் ஒரு கதவு, லாரி வந்து நிற்க ஓர் இடம், மேடைத் தரைக்கு மரப்பலகை, தலைக்குமேல் நாலு வரிசை இரும்புக் குழாய். இவ்வளவு மட்டும் கேளுங்கள். பொய்க்கூரைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பொறியாளர் “எதுக்கு சார் பின்னாடி இவ்வளவு பெரிய கதவு” என்று கேட்பார். பியானோ வரும் என்று சொல்லுங்கள்.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. ஒரு காலத்தில் நாடகக் கம்பெனி என்றால் கூடவே ஒரு தச்சுப் பட்டறையும் ஓவியரும் போவார்கள். பார்சி கம்பெனிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட சீன் திரைகள், தர்பார், காடு, தெரு என்று சுருட்டி வைத்திருப்பார்கள். காலண்டர் படங்களால் ஊரெல்லாம் பேர் வாங்கிய கோவில்பட்டி கொண்டைய ராஜு அதற்கு முன்னால் நாடகத்துக்குச் சீன் திரை வரைந்தவர்தான். நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியின் காட்சி அமைப்பைப் பார்க்கவே கூட்டம் போனது. பின்னால் ஆர்.எஸ். மனோகரும் மேடைத் தந்திரக் காட்சிகளுக்காகவே பேசப்பட்டார். அதற்கெல்லாம் கைவண்ணம் ஒரு காரணம் என்றால் நேரம் இன்னொரு காரணம். கம்பெனி ஓர் ஊரில் கொட்டகை போட்டால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருக்கும். செட் நின்ற இடத்தில் நிற்கும். நேற்றுத் தடுக்கிய படியை இன்று சரிசெய்யலாம். பிறகு சபா நாடகங்கள் வந்தன, அரங்கம் ஒரு மாலைக்கு மட்டும் வாடகைக்குக் கிடைத்தது, செட்டும் ஒரு மாலைக்குத் தகுந்ததாகச் சுருங்கிப்போயிற்று. ஒரு சோபா, ஒரு டீப்பாய், அதன்மேல் ஒரு டெலிபோன். அந்த டெலிபோன் மணி அடித்தே பாதிக் கதை நகர்ந்தது. எழுதியவர்களுக்கு அதற்குமேல் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. மேடை கிடைத்த நேரத்துக்குள் அதுதான் முடிந்தது.

பல்கலைக்கழகம் வாடகை அரங்கம் இல்லையே? இடம் உங்களுடையது, பிள்ளைகள் உங்களுடையவர்கள். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960-களில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை வட்டக்களரியிலிருந்து எடுத்துப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தை ஒரே பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு மாற்றுவது லேசான காரியமா? மேடையில் நின்று, ஆடிப் பார்த்து, தள்ளி நின்று, மறுபடி ஆடிப் பார்த்தால்தான் அது கைகூடும். பல்கலைக்கழகத்தில் செய்து பார்க்கவேண்டியது இந்த மாதிரி வேலையைத்தான். காந்திகிராமத்தில் 1977-இல் நடந்த நாடகப் பட்டறையையும் நம் ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள். அங்கிருந்து கிளம்பியவர்கள் எத்தனை பேர்! தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுவையிலும் நாடகத்துக்கென்றே துறைகள் இருக்கின்றன, அவர்களுடைய கதை வேறு. நான் எழுதுவது மற்ற வளாகங்களுக்கு. நாடகம் துறையாக இல்லாமல் மன்றமாக மட்டும் இருக்கும் இடங்களுக்கு. அங்கே செட் போடுகிற பிள்ளைகள் இயற்பியலும் வணிகவியலும் படிக்கிறார்கள், மாலை 5 மணிக்கு மேல்தான் கைக்கு வருகிறார்கள்.

“செட்டே இல்லாமல் நாடகம் போடலாமே, பாதல் சர்க்கார் போடவில்லையா” என்று நன்றாகப் படித்த அதிகாரி ஒருவர் கேட்டார். போடலாம். நானே போட்டிருக்கிறேன், ஒரு வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சை வைத்து. ஆனால் வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார், மூன்றாம் அரங்கு என்று பெயர் வைத்த தன் நாடகமுறையில், செட்டை மட்டும் விடவில்லை. மேடையையும் சபையையும் பிரிக்கும் கோட்டையே அழித்தார், ஆட்களை நாலு பக்கமும் உட்காரவைத்தார். அதற்கு உங்கள் நாற்காலிகள் தரையோடு முடுக்கப்படாமல் இருக்கவேண்டும்! வெறும் மேடை வேண்டும் என்று ஓர் இயக்குநர் தீர்மானித்தால்கூட அந்த வெறும் மேடையை உண்டாக்க ஒரு நாள் ஆகும். பேனரைக் கழற்றவேண்டும், போடியத்தை வெளியே தள்ளவேண்டும், நிறுவனர் படத்தை அவர் மனம் நோகாமல் இறக்கிவைக்கவேண்டும்.

நேரம் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதற்கு இன்னொரு பெயர் தெர்மாகோல். நான்கு மணி நேரத்தில் ஒரு கோட்டைச் சுவர் வேண்டுமென்றால் வேறு வழியில்லை. லேசு, கத்தியால் வெட்டலாம், பசையால் ஒட்டலாம், பெயின்ட் அடித்தால் கருங்கல். படத்தில் நன்றாகவும் விழும். ஆனால் அது சூடு பட்டால் உருகும், தீப்பட்டால் கரும்புகை கக்கிக்கொண்டு எரியும். 1000 வாட் விளக்குக்கு இரண்டு முழத்தில் தெர்மாகோல் தூணை நிறுத்தியிருக்கும் மேடைகளை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் ஒரே கதவு, அதுவும் 3 அடி, அதன் முன்னால் ஒலிபெருக்கிப் பெட்டி. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள். கீற்றுக்கூரை என்றால் இன்று எல்லோரும் பயப்படுகிறோம். தெர்மாகோல் என்றால் ‘டெகரேஷன்’ என்று விட்டுவிடுகிறோம்.

இதற்கு மாற்று விலை கூடியதா என்றால், கிடையாது. நேரம்தான் கூடுதல். 2-க்கு 1 அங்குல ரீப்பரில் சட்டம் அடித்து, அதன்மேல் காடாத் துணியை இழுத்து அறைந்து, வஜ்ரப் பசையைக் காய்ச்சி சாக்குப்பொடி கலந்து பூசினால், காயக்காயத் துணி இறுகி, தட்டினால் பறை மாதிரி ஒலிக்கும். அதுதான் ஃபிளாட். 8-க்கு 4 அடி ஃபிளாட்டை ஒரு முதலாம் ஆண்டு மாணவி ஒற்றையாளாகத் தூக்கிப் போவாள். அதே அளவு 18 மில்லிமீட்டர் பிளைவுட் என்றால் 30 கிலோவுக்குமேல், இரண்டு பேர் வேண்டும். அந்தத் துணியின் மேல் இந்த வருடம் அரண்மனை எழுதலாம், அடுத்த வருடம் கழுவி மருத்துவமனை எழுதலாம். ஆனால் வஜ்ரம் காய ஒரு ராத்திரி வேண்டும். காயாத துணியில் வண்ணம் ஏற்றினால் திட்டுத்திட்டாக நிற்கும். அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது, பதிவாளராலும்தான்.

அடுத்த வருடம் கழுவி எழுதலாம் என்றேன். அங்கேதான் கணக்குத் தணிக்கை வருகிறது.

இன்னொரு வளாகம். மூன்று விலைப்புள்ளி வாங்கி, குறைந்த விலைக்காரரைத் தேர்ந்து, கோப்பு ஐந்து மேஜை ஏறி இறங்கி, 12 பிளைவுட் பலகை வாங்கினோம். அதுவே ஒரு தனி நாடகம். பலகை வந்து இறங்கியது நாடகம் முடிந்து ஒன்பதாவது நாள். சரி, அடுத்த நாடகத்துக்கு ஆகட்டும் என்று வைத்திருந்தோம், ஆயிற்று. ஒன்றரை வருடம் கழித்துத் தணிக்கைக்காரர் வந்தார். இருப்புப் பதிவேட்டில் 12 பிளைவுட் இருக்கிறது, அதைக் காட்டுங்கள் என்றார். அழைத்துப்போய்க் காட்டினோம். இது நீதிமன்றக் கூண்டு சார், அந்த மூன்றும் மேடைத் தளம், இது முதலில் கோயில் கதவு, இப்போது போலீஸ் ஸ்டேஷன் மேஜை. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எனக்கு நாடகம் வேண்டாம் தம்பி, எட்டுக்கு நாலு வேணும்” என்றார். கடைசியில் ஆட்சேபணைக் குறிப்பு எழுதப்பட்டது. மன்றப் பொறுப்பாசிரியர் பாவம், அதற்குப் பதில் எழுதியே ஒரு பருவத்தைக் கழித்தார். மறு வருடத்திலிருந்து அந்த வளாகத்தில் ஒரு புது விதி. நாடகம் முடிந்ததும் செட்டை அன்றிரவே அப்புறப்படுத்தவேண்டும். அப்புறப்படுத்துவது என்றால் மைதானத்தின் ஓரத்தில் போட்டுக் கொளுத்துவது. கூண்டும் கதவும் மேஜையும் எரிந்ததை விடுதி மொட்டைமாடியிலிருந்து பார்த்தோம்.

ஆய்வகத்தில் அமிலம் வாங்குகிறீர்கள். இரண்டு வருடம் கழித்து அது எங்கே என்று யாரும் கேட்பதில்லை, தீர்ந்துபோகும் பொருள் என்று ஒரு தலைப்பு இருக்கிறது. மரமும் துணியும் ஆணியும் நாடகத்துக்கு அமிலம் மாதிரிதான். அந்தத் தலைப்புக்குக் கீழே மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். கூடவே ஒரு கொட்டகை. பெரிதாக ஒன்றும் வேண்டாம், 20-க்கு 30 அடி, தகரக் கூரை, ஒரு மின்சாரப் புள்ளி, மழைத் தண்ணீர் நுழையாத தரை, கதவு மட்டும் அகலமாக. உடைந்த பெஞ்சுகளைக் குவித்து வைத்திருக்கிறீர்களே, அதற்குப் பக்கத்திலேயே கொடுத்தாலும் சம்மதம். அந்தப் பெஞ்சுக் குவியலையும் எங்களிடம் விட்டுவிட்டால் இரண்டு வருடத்துக்கு மரமே கேட்கமாட்டோம். பழைய தேக்குக் கால்கள் அதில் இருக்கின்றன, வெயிலில் வீணாகப் பிளந்துகொண்டிருக்கின்றன.

அந்தக் கொட்டகையில் என்ன நடக்கும் என்று ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, ஒரு அடிக்கு அரை அங்குலம் என்ற அளவில் முதலில் மாதிரி செய்வோம். மேடை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதற்குள் இரண்டேமுக்கால் அங்குல உயரத்தில் ஓர் அட்டை மனிதன், அவன் ஐந்தரை அடி ஆள். மாதிரி செய்கிற வரைக்கும் எல்லோரும் கெட்டிக்காரர்கள். பிறகு நிஜ மரத்தைத் தொட்டதும் பொறியியல் பிள்ளைகள்கூடத் திணறுவார்கள். ஒரு வருடம், தமிழ் முதுகலை படித்த பையன் ஒருவன் ஓரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு சட்டங்களைச் சேர்க்க நாங்கள் ஆணிக்குமேல் ஆணியாக அடித்துக்கொண்டிருந்தோம். பொறுக்கமாட்டாமல் வந்து உளியை வாங்கினான். இரண்டு சட்டத்திலும் பாதிப் பாதி கனத்தை எடுத்துவிட்டு ஒன்றின்மேல் ஒன்றை உட்காரவைத்தான். ஆணியே இல்லாமல் நின்றது. எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, “அப்பா செய்வார்” என்று மட்டும் சொன்னான். அதுவரை அவன் அப்பாவின் தொழிலை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை என்று பிறகு தெரிந்தது. அடுத்த வாரம் அப்பாவும் வந்தார். நான் உட்பட எல்லோரும் இழைப்புளி பிடிக்கும் விதமே தவறு என்று காட்டிக்கொடுத்துவிட்டு, கூலி வாங்க மறுத்து, நாடகத்துக்கு நாலு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார். நாடகம் எப்படி என்று கேட்டேன். கதவு சரியாகச் சாத்திக்கொண்டது என்றார்.

என் பட்டியல் நீண்டுவிட்டது. கொட்டகை நாளாகலாம், சுற்றறிக்கைக்கும் கூட்டம் போடவேண்டியிருக்கலாம், 8 அடிக் கதவு அடுத்த கட்டடத்துக்குத்தான். புரிகிறது. ஆனால் மூன்று நாள் தருவதற்கு ஒரு பைசா செலவில்லை. அரங்கம் வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கிறது, நாட்குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். இடையில் அவசரமாக ஒரு பாராட்டு விழா வந்தால் கருத்தரங்க அறை இருக்கிறது. அதுவும் முடியாது, இந்த மேடையிலேயே நடத்தவேண்டும் என்றால் தாராளமாக எங்கள் செட்டுக்கு முன்னாலேயே நடத்துங்கள். ஜமீன் மாடிப்படியின் பின்னணியில் சால்வை போர்த்தினால் படம் இன்னும் நன்றாகவே வரும். படியில் மட்டும் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற பிப்ரவரியில் உங்களில் ஒருவருடைய வளாகத்தில் எங்களுக்கு ஒரு நாடகம் இருக்கிறது. படிவத்தை நிரப்பிவிட்டேன். போடியம் வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், சோபா வேண்டாம். தேதிக்கான கட்டத்தில் 17, 18, 19 என்று பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருக்கிறேன், கடைசி எண் கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழிந்திருக்கிறது. அதை அடிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். 17-ஆம் தேதி காலை 7 மணிக்கு, முன்வாசலின் இரண்டாவது கதவுச் சாவியோடு யாராவது வந்தால் போதும்.

இப்படிக்கு,
சுத்தியலைத் திருப்பிக் கொடுக்காதவன்